மூன்றாம் தரம் கூப்பிட்ட பேர்

விடியற்காலை ஐந்தே முக்கால். நமுனுகுல மலையில் ஏறும் பழைய தோட்டத்துப் பாதை. அதற்கு மேல் ஆட்கள் குடியிருக்கும் வீடு ஒன்றுகூட இல்லை... பனிதான்.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது சத்தமாகச் சொல்கிற கதை இல்லை.

ஸியாமைத் தெரியும்தானே. அவனுடைய மச்சான் முஸ்தாக், பதுளை டவுனில் ஆட்டோ ஓட்டுகிறவர். அன்று அவருடைய ஆட்டோவில் பின்னால் இருந்தது தனுஜா. கொழுந்து பறிக்கிறவள். அவள் புருஷன் நிமலனைக் காணவில்லை. மூன்று நாள்.

அந்த மலையில் பிறந்து பெரிய பேரெடுத்த கவிஞர் ஒருவர் இருந்தார். அவருடைய இடங்களைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருவார்கள். தோட்டத்து வேலை போக மிச்ச நேரத்தில் அவர்களைக் கூட்டிக்கொண்டு போவது நிமலன்தான். கவிஞர் படித்த பள்ளிக்கூடம். டவுனில் கடைசிக் காலத்தில் இருந்த வீடு. பிறகு மேலே, அவர் பிறந்த லயம், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடு.

லயம் என்று சொல்கிறோம். சுவர்கூட இல்லை. கவிஞர் டவுனில் தங்கிப் படித்த காலம், ஒரு ஐப்பசி மழையில் மலை சரிந்து லயத்தை மூடிவிட்டது. அப்பா, அம்மா, தங்கச்சி, பக்கத்துக் காம்பிரா அறைகளில் இருந்தவர்கள்... ஒருவரையும் தோண்டி எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கொழும்பிலிருந்து வாத்தியார்மார் வருகிறார்கள் என்று பாதையில் புல் வெட்டப் போனான் நிமலன். திரும்பவில்லை. பொலிஸ் மூன்று தரம் தேடியது.

"மேல மண்ணும் புல்லுந்தான் தங்கச்சி. இன்னும் என்னத்தத் தேட?" என்றார் முஸ்தாக்.

"அவருக்கு ரெண்டு பொண்டாட்டி நானா. ஒண்ணு நான். இன்னொண்ணு செத்துப்போன அந்தக் கவிஞரு. அங்கதான் கெடப்பாரு."

சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

பாதை முடிந்தது. அவள் மட்டும் இறங்கி நடந்தாள். பத்து அடி போய்த் திரும்பினால் ஆட்டோவின் வெளிச்சம் இல்லை.

"என்னங்க... என்னங்க..."

டண்... டண்... டண்.

தப்பு மேளம். காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதைப் பெரட்டு என்பார்கள். அதற்கு அடிக்கிற தப்பு. அங்கே அதை அடிப்பதை விட்டு எத்தனையோ வருஷம்.

ஈரக் கம்பளி நாற்றம் வந்தது. பனிக்குள்ளே நிறையப் பேருடைய மூச்சு. ஒரு இருமல். கால் மாற்றி நிற்கிற சத்தம். ஆள் ஒருவரும் தெரியவில்லை.

பேர் வாசித்தது ஒரு கிழட்டுக் குரல்.

"மாடசாமி." கவிஞருடைய அப்பா.

"இருக்கேங்க."

"வேலாயி." அம்மா.

"இருக்கேங்க."

"பெரியாயி." தங்கச்சி. சின்னக் குரல்... "இருக்கேங்க."

பிறகு,

"நிமலன்."

பதில் இல்லை.

"நிமலன்."

பதில் இல்லை. வரிசை முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டது.

பெரட்டில் இன்றைக்கும் ஒரு வழக்கம். மூன்று தரம் கூப்பிட்டும் குரல் வராவிட்டால் பேரை வெட்டிவிடுவார்கள். ஆள் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். அதனால் ஒருவர் பிந்தினால், கூட நிற்கிறவர் அவருக்காகக் குரல் கொடுப்பார். நிமலன் தினமும் பிந்துகிறவன். ஒன்பது வருஷமாக அவனுக்குக் குரல் கொடுத்து வந்தது தனுஜா.

"நிமலன்."

யோசிக்கவில்லை. வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது.

"இருக்காருங்க!"

பேரைப் பதிந்து பேனா கீறுகிற சத்தம்.

வரிசை கலைந்தது. எத்தனையோ கால்கள் ஈரப் புல்லை மிதித்து, மண் சரிந்த பக்கமாகப் போயின. கடைசியாக ஒருவர் ஓடினார்... பிந்தி வந்தவர் ஓடுகிற மாதிரி.

முஸ்தாக் ஓடிவந்தபோது அவள் இரண்டு கையாலும் மண்ணைப் பறண்டிக்கொண்டிருந்தாள். அவருக்குக் கேட்டது அவளுடைய குரல் மட்டுந்தான்.

"யாருக்கு தங்கச்சி பதில் சொன்னீங்க?"

அவள் பறண்டிய இடத்துக்கு நேர் கீழே, மழைத்தண்ணீர் ஓடுகிற, புல் மூடிய கானுக்குள் நிமலன் கிடந்தான். கால் முறிந்திருந்தது. ஆட்கள் வந்து தூக்கியெடுக்கப் பகலாகிவிட்டது.

மூன்று நாளும் உயிரோடுதான் கிடந்திருக்கிறார் என்றார் டொக்டர்.

தனுஜா ஒன்றே ஒன்று கேட்டாள். "உசிரு போனது எத்தன மணிக்குங்க?"

"இன்னைக்குக் காலையிலதாம்மா. ஆறு மணி இருக்கும்."

இன்னொன்றைத் தூக்கினவர்கள் சொன்னார்கள். அவளிடம் இல்லை, முஸ்தாக்கிடம். நிமலன் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தான். அவ்வளவு இறுக்கம்... விரல்களைப் பிரிக்க நாலு பேர் வேண்டியிருந்தது.