கடைசி ரயில் இல்லாத சனிக்கிழமைகள்

எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு எப்போதும் கடைசி ரயிலுக்குப் பிறகுதான். அப்பா காலத்திலிருந்தே அப்படி. ரயில் வந்து, ஆட்கள் இறங்கிப் போய், அப்பா நடைமேடையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஷட்டரை இறக்கும் சத்தம் கேட்டதும் அம்மா அடுப்பைப் பற்றவைப்பார். பசிக்கிறது என்று யாரும் முனகியதில்லை. அப்பாவுக்குப் பிறகு அந்த நிலையத்தின் பொறுப்பு என்னிடம் வந்தது. சாப்பாட்டு நேரமும் கூடவே வந்தது.

நடந்ததை நிதானமாக எழுதித் தரச் சொன்னீர்கள். நான் எப்போதும் நிதானமானவன்தான். கூட வேலை பார்த்தவர்கள் யாரைக் கேட்டாலும் அதைச் சொல்வார்கள்.

எங்கள் நிலையம் மெட்ரோ பாதையின் கடைசி நிலையம். நகரத்துக்குள் நிலத்தடியில் ஓடிவரும் ரயில் இங்கே வெளியே வந்து, வெட்டவெளியில் நிற்கும். நடுவில் நடைமேடை, இரண்டு பக்கமும் தண்டவாளம். இடது பக்கத் தண்டவாளத்தைத் தாண்டினால் ஊழியர் குடியிருப்பு. அதில் ஒரு வீட்டில்தான் நானும் என் தங்கையும் பிறந்து வளர்ந்தோம். மற்ற வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகிவிட்டன. நாங்கள் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினோம்.

அப்பாவும் அம்மாவும் ஒரே குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தபோது தங்கை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டேன். சடை கோணலாகத்தான் வரும். "எங்க அண்ணன் போட்ட சடை. ரயில் பாதை மாதிரி வளைஞ்சு வளைஞ்சுதான் போகும்" என்று தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்காக யாரும் என்னைப் பாராட்ட வேண்டும் என்று எதிர்பார்த்ததும் இல்லை.

வளர்ந்த பிறகு அவள் செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அச்சில் வார்த்து, அரைத்து, நிறம் பார்த்து மெருகேற்றும் வேலை. "இந்த ஊர்ல பாதிப் பேர் சிரிக்கிறதுக்கு நான்தான்ணா காரணம்" என்பாள். வேலை முடிந்து எங்கே போனாலும், யாரோடு போனாலும், கடைசி ரயிலில் வந்து இறங்கிவிடுவாள். நான் ஒருநாளும் அவளுக்குக் கெடு வைத்ததில்லை. வைக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வார இறுதியில் இரவு முழுக்க ரயில் விடப்போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. வெள்ளியும் சனியும் ரயில் ஓய்வதில்லை. முதலில் ஆறு மாதம் சோதனை ஓட்டம், அசம்பாவிதம் இல்லாமல் போனால் நிரந்தரம். எங்கள் டிக்கெட் கவுண்டர்காரரை நாங்கள் ரேடியோ என்று கூப்பிடுவோம். யாரும் கேட்காவிட்டாலும் பேசிக்கொண்டிருப்பார்.

"இனிமே சனிக்கிழமை ராத்திரி பொண்டாட்டி முகத்தையே பார்க்க முடியாது சார்."

"கஷ்டம்தான்" என்றேன்.

"யாருக்கு? வாரம் பூரா விடச் சொல்லி நானே மனு போடலாம்னு இருக்கேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

முதல் சனிக்கிழமை அவள் விடியும் நேரத்தில் வந்தாள். தட்டை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

"சாப்பிட்டுட்டேன்ணா. நீ ஏன் எனக்காகக் காத்திருந்தே? அதான் ராத்திரி பூரா ரயில் ஓடுதே."

அதில் தப்பாக எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. நானும் எடுத்துக்கொள்ளவில்லை. எங்கே போயிருந்தாள் என்று மட்டும் கேட்டேன். சிநேகிதி வீட்டுக்கு என்றாள். அடுத்த வாரமும் சிநேகிதி வீடுதான். அதற்கடுத்த வாரம் நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

சந்தேகப்படுவது என் சுபாவம் அல்ல. ஆனால் என் அறையில் காமிராத் திரைகள் இருக்கின்றன. நடைமேடையைப் பார்த்துக்கொண்டிருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அவள் எந்தப் பெட்டியிலிருந்து இறங்குகிறாள், பின்னால் யார் இறங்குகிறார்கள், கண்ணாடி வழியாக உள்ளே யாருக்காவது கையசைக்கிறாளா என்று பார்த்தேன். கையசைக்கவில்லை. அதுவே எனக்கு உறுத்தியது. சிநேகிதி வீட்டிலிருந்து வருகிறவர்களிடம் கொஞ்சம் கலகலப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். இவள் அசதியோடு, தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு வந்தாள். ஒருமுறை சோப்புப் போட்டுக் கை கழுவும்போது அவள் நகக்கண்ணில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. பல்லுக்குப் போடும் நிறம் அதுவல்ல என்று எனக்குத் தெரியும்.

ரேடியோ ஒருநாள் தானாகவே சொன்னார். "உங்க தங்கச்சி பழைய மார்க்கெட் ஸ்டேஷன்லதான் ஏறுறாங்களாம் சார். அங்க கவுண்டர்ல இருக்கறவன் என் மச்சான். பல்லு செய்யற இடம் இந்தப் பக்கம்தானே இருக்கு?"

"சிநேகிதி வீடு அங்கே" என்றேன்.

"அதானே பார்த்தேன்" என்றார். அவர் அதை நம்பவில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். பழைய மார்க்கெட்டுக்குப் பின்புறம் ஒரு சந்து. சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்கு மேலே மாடி அறை. விளக்கு எரிந்தது, திரைச்சீலை இல்லை. எதிர்ப்பக்கம் மூடிய கடையின் ஓரத்தில் நின்றுகொண்டேன். அவனை முதலில் பார்த்துவிட வேண்டும், பிறகு என்ன செய்வதென்று யோசிக்கலாம் என்று நினைத்திருந்தேன்.

அவன் என்று யாரும் இல்லை. அவள் ஸ்டூல் மேல் நின்று சுவருக்கு மஞ்சள் வண்ணம் அடித்துக்கொண்டிருந்தாள். ஒரு கை அடித்துவிட்டு இறங்கி, தள்ளி நின்று பார்ப்பாள். மறுபடி ஏறுவாள். பாடிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது, வாய் அசைந்தது. வெகுநேரம் நின்றேன். யாரும் வரவில்லை.

ஆண் ஒருவன் இருந்திருந்தால் பேசித் தீர்த்திருக்கலாம். குடும்பம் விசாரித்திருக்கலாம், முறையாகச் செய்து வைத்திருக்கலாம். ஒரு வெறும் அறையோடு என்ன பேசுவது?

அந்த வாரமே அவள் சொல்லிவிட்டாள். அடுத்த மாதம் தனியாகப் போகிறாளாம்.

"கோபமாண்ணா?"

"இல்லை. சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவே?"

"ஐயோ, அண்ணா!" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "ரயில் இருக்குல்ல. எப்ப வேணா வருவேன். பாதி ராத்திரியில வந்து பசிக்குதுன்னு உன்னை எழுப்புவேன், பாரு."

எனக்குக் கோபம் இல்லை. இரவு ரயில் நின்றுவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்றுதான் நினைத்தேன். அவள் அறைக்கும் இரவு ரயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ரயில் இல்லாதவரை அவளுக்கு அந்த எண்ணம் வரவில்லையே. சோதனை ஓட்டக் காலத்தில் ஒரு விபத்து நடந்தால் சேவையை நிறுத்திவிடுவார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாருக்கு விபத்து நடக்கும் என்று நான் யோசிக்கவில்லை. இந்த வரியைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். அப்படியே இருக்கட்டும்.

ரயிலுக்கு மின்சாரம் தருவது பாதையை ஒட்டிப் போகும் மூன்றாவது தண்டவாளம். வெளியாட்கள் அதன் பக்கமே போகமாட்டார்கள். நாங்கள் அப்படியல்ல. கடைசி ரயில் போய் மின்சாரத்தை நிறுத்திய பிறகு அது எங்களுக்கு ஒரு படிக்கட்டு. சரளைக்கல்லில் கால் புதையாமல் அதன் மேல் மிதித்து ஏறித் தாண்டிவிடுவோம். விதிப்படி மேம்பாலத்தில் சுற்றிப் போக வேண்டும். அப்பாவும் போனதில்லை, நாங்களும் போனதில்லை. அவள் நடக்கப் பழகியதிலிருந்து அந்த இரும்பை மிதித்துத்தான் வீட்டுக்கு வந்திருக்கிறாள். இரவில் அது செத்துக் கிடக்கும் என்பது அவள் காலுக்கே தெரியும்.

இரவுச் சேவை வந்த பிறகு வார இறுதியில் வலது பக்கம் மட்டும் ரயில் ஓடியது. இடது பக்கத்தை மின்சாரம் நிறுத்திப் பராமரிப்புக்கு விட்டார்கள். ஏதாவது காரணத்தால் அந்தப் பக்கமும் மின்சாரம் இருந்தால் நடைமேடையின் கோடியில் சிவப்பு விளக்கைப் போட வேண்டும். போடுவது நிலையப் பொறுப்பாளர் வேலை.

அவள் தனியாகப் போவதற்கு முன் வந்த ஒரு சனிக்கிழமை இரவு, மழை. பராமரிப்பு வேலையை ரத்து செய்துவிட்டதாகக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து போன் வந்தது. இடது பக்கம் மின்சாரம் இருக்கும் என்றார்கள். சரி என்றேன். அந்தப் போனை நான் கவனிக்கவில்லை என்று முதல் விசாரணையில் சொன்னது பொய். விளக்கு பழுதாகியிருந்தது என்று சொன்னதும் பொய். நல்ல விளக்கு. நான் போடவில்லை.

என் தங்கையின் காரியம் முடிந்த மறுவாரமே சேவையை நிறுத்தினார்கள். ரேடியோ என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவரால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. நான்தான் அவருக்கு ஆறுதல் சொன்னேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. நீங்கள் அதைக் கேட்கவில்லை, உங்களுக்குத் தெரிய வழியும் இல்லை. சின்ன வயதில் அவள் நடைமேடையின் கோடிக்குப் போய், காமிராவைப் பார்த்துக் கையைத் தூக்குவாள். தாண்டலாமா என்று அர்த்தம். மின்சாரம் நின்றுவிட்டதென்று தெரிந்துகொண்டு, அங்கே இருக்கும் குழல்விளக்கை நான் ஒருதடவை அணைத்துப் போடுவேன். வா என்று அர்த்தம். வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகும் அவள் அதை விடவில்லை. சிவப்பு விளக்கு வந்ததும்தான் விட்டாள். "விளக்கே சொல்லிடுதுண்ணா, இனிமே நீ எதுக்கு?" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். அதன் பிறகு ஒரு வாரம்கூட அவள் காமிராவை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அன்று ரயிலிலிருந்து இறங்கினாள். துணிச் செருப்பு நனைந்திருந்தது. கோடிக்கு வந்து நின்றாள். சிவப்பு விளக்கு எரியவில்லை. ஆனால் தண்டவாளத்தில் வேலையாட்கள் யாரும் இல்லை, அவர்களுடைய கைவிளக்கும் இல்லை. அதைப் பார்த்துத் தயங்கினாள். என் பக்கத்தில் ஒலிபெருக்கி இருந்தது, ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். அவள் மேம்பாலத்தின் பக்கம் பாதி திரும்பினாள். பிறகு நிமிர்ந்து, மழை கண்ணில் விழாமல் ஒரு கையால் மறைத்துக்கொண்டு, மற்றொரு கையைத் தூக்கினாள்.

குழல்விளக்கின் சுவிட்சை ஒருதடவை அணைத்துப் போட்டேன்.

அத்தனை மாதங்களுக்குப் பிறகு அவள் என்னிடம் அனுமதி கேட்டாள். எனக்கு இல்லையென்று சொல்ல மனம் வரவில்லை.