பலூன் கடைக்கு ஒரு சிவப்புப் புள்ளி

அஜ்மானிலிருந்து துபாய் போகும் காலைப் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் கம்பெனிச் சட்டை போட்ட நாகர்கோவில் பக்கத்துக்காரர்கள் இருவர். ஒல்லியானவர் போனில் எதையோ காட்டினார். மீசைக்காரர் போட்ட சத்தத்தில் பாதிப் பேருந்து திரும்பிப் பார்த்தது.

“துப்பாக்கில மாட்டுத ரெட் டாட்டா? நீ யாரல சுடப் போற?”

“தம்பிக்கு மக்கா. கோயில் திருவிழாவுல பலூன் சுடுத கடை போடுதான்லா, அந்த ஏர்கன்னுக்கு. கண்ணாடிக்குள்ள சிவப்பா ஒரு புள்ளி தெரியும். அத பலூன்ல வச்சு அமுக்கணும், அவ்வளவுதான்.”

“நல்லா இருக்குல உன் புத்தி! வாறவன் எல்லாம் குறி தப்பாம அடிச்சுப் பரிசத் தூக்கிட்டுப் போனா, உன் தம்பி பலூன் ஊதியே சாவணுமா?”

மீசைக்காரர் போனைப் பிடுங்கி விரலால் தள்ளித் தள்ளிப் படித்தார்.

“அதுலயும் இருக்கதுலயே மட்டமானதப் பாத்து வச்சிருக்க. நாலு குண்டு போட்டதும் புள்ளி தானா விலகிப் போவுதுன்னு வாங்குனவன் எல்லாம் காறித் துப்பியிருக்கான். இத நீ படிக்கவே இல்லியா? ஒரு சாமான் வாங்கத் தெரியல, நீயெல்லாம் கல்ஃபுக்கு வந்துட்ட!”

ஒல்லியானவர் போனைத் திரும்ப வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“படிச்சேன் மக்கா. அதப் படிச்ச பெறவுதான் ஆர்டரே போட்டேன். வாறவன் புள்ளிய நம்பிக் காசு குடுப்பான். பலூன் அப்படியே தொங்கும்.”