பெயர் சொல்லும் வேலை

ரோம் நகரம் நிறுவப்பட்டதிலிருந்து எண்ணூற்று அறுபதாம் ஆண்டு, செப்டம்பர் மாதம் ஐந்தாம் நாள், டைபர் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் ஒரு மாவு ஆலைக்கு ஸ்டிக்கஸ் என்ற அடிமை விற்கப்பட்டான். அன்று காலை நான் சந்தைக்கு அத்திப்பழம் வாங்கப் போயிருந்தேன். அந்த ஆண்டு அத்தி நன்றாகக் காய்த்திருந்தது.

என் பெயர் தல்லுஸ். லூசியஸ் கல்வென்டியஸ் வீட்டில் இருபத்தாறு ஆண்டுகள் பெயர் சொல்லும் அடிமையாக இருந்தேன். பெரிய மனிதர் ஒருவருக்கு ஆயிரம் பேரைத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் ஆயிரம் பேரை நினைவில் வைத்திருப்பது பெரிய மனிதர் செய்கிற வேலை அல்ல. அதற்காக அவர் தோளுக்குப் பின்னால் என்னைப் போல் ஒருவன் நிற்பான். எதிரே வருகிறவரின் பெயரையும், அவர் மகளுக்குக் கல்யாணம் ஆனதையும், மூட்டுவலி எந்தக் காலில் என்பதையும் காதில் சொல்வான். எசமான் உடனே, "வலது முழங்கால் இப்ப எப்படியிருக்கு?" என்று கேட்பார். வந்தவருக்குக் கண் கலங்கிவிடும். அவ்வளவு பெரிய மனிதர் என் முழங்காலை மறக்கவில்லை என்று வீட்டில் போய்ச் சொல்வார்.

எசமான் யாருடைய முகத்தையும் பார்த்ததில்லை. குறையாகச் சொல்லவில்லை. காது வேலை செய்யும்போது கண்ணுக்கு எதற்குச் சிரமம்.

விடியற்காலையில் நாற்பது பேர் போல வணக்கம் சொல்ல வருவார்கள். எல்லோரும் சுதந்திரர்கள், ஏழைகள். குடிமக்கள் மட்டுமே அணியக்கூடிய டோகாவைப் போர்த்திக்கொண்டு முற்றத்தில் நிற்பார்கள். அந்தக் கம்பளித் துணி கோடையில் ஆளை வேகவைக்கும். ஆனால் அது இல்லாமல் வந்தால் மரியாதைக் குறைவு. வணக்கம் சொன்னவருக்கு ஒரு சிறு கூடையில் ரொட்டியும் ஆறிய கறியும் கிடைக்கும். அவ்வப்போது விருந்துக்கும் அழைப்பு உண்டு. விருந்தில் எசமானுக்கு முப்பது ஆண்டுப் பழைய மது, நண்பர்களுக்கு மூன்று ஆண்டு மது, இவர்களுக்கு அந்த வாரத்து மது. மூன்றையும் நான் ருசி பார்த்திருக்கிறேன். கடைசி வகை, கீரையில் வினிகருக்குப் பதிலாக ஊற்ற ஆகும்.

அந்த நாற்பது பேரில் நுமிசியஸ் ஒருவர். முப்பத்து நான்கு வயது. மனைவி, பிள்ளைகள் இல்லை. ஐந்தாம் மாடியில் ஓர் அறை, ஒட்டுப்போட்ட ஒரு டோகா, எதற்கெடுத்தாலும் சிரிப்பு. தன் பெயரை எழுத வராது.

"டேய் பையா," என்பார் என்னைப் பார்த்ததும். "இன்னிக்கு அவர் காதுல என்னப் பத்தி என்ன ஊதப்போற? கூடையில கறி கொஞ்சம் கூட விழறாப்ல ஊது."

"எசமானுக்கு உங்க பேர் நல்லாவே தெரியும்."

"அவருக்கா? பொண்டாட்டி பேரையே உங்கிட்டதான கேட்டுக்கறாரு."

முற்றமே சிரிக்கும். வாயில்காப்பவன் சிரிப்பான். நானும் சிரிப்பேன். நல்ல வேடிக்கைதான், பாதி உண்மையும்கூட.

எனக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. லத்தீனும் கிரேக்கமும் எழுதுவேன். எசமானின் தட்டில் மிஞ்சிய மயில் கறியைச் சாப்பிட்டேன். நுமிசியஸ் கூடைக்காக வரிசையில் நின்றார். இருந்தாலும் அடிமை எந்த வயதிலும் பையன்தான். இது ஊர் வழக்கம். அவர் கண்டுபிடித்தது அல்ல. அதற்காக நான் கோபப்பட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எட்டு ஆண்டுகளில் அவர் என்னை எத்தனை முறை அப்படி அழைத்தார் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

அந்த ஆகஸ்டில் கம்பானியாவில் இருந்த எசமானின் பண்ணையிலிருந்து கடிதம் வந்தது. ஸ்டிக்கஸ் என்ற அடிமை ஓடிவிட்டான். வயது முப்பத்தைந்து இருக்கும், நடுத்தர உயரம், முன்பல் ஒன்று இல்லை. கடிதத்தை எசமானுக்கு வாசித்துக் காட்டியவன் நான். நுமிசியஸுக்கும் முன்பல் ஒன்று இல்லை. அதை நான் அப்போது கவனித்தேன், அவ்வளவுதான்.

மறுநாள் அவரிடம் ஒரு நல்ல யோசனை சொன்னேன்.

"அடுத்த வாரம் விருந்து இருக்கு. உங்க டோகா நாறுது. சலவைக்குப் போடுங்க."

"போட்டுட்டு எதைக் கட்டிக்கிட்டு இங்க வர்றது? உன் சட்டையத் தர்றியா பையா?"

"ரெண்டு நாள் வெறும் சட்டையோட வாங்க. எசமான்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

"நெசமாவா? அட, உனக்குள்ளயும் ஒரு மனுசன் இருக்கான்யா," என்று முதுகில் தட்டினார்.

இரண்டு நாள் கழித்து, முட்டிவரை தொங்கும் பழுப்புச் சட்டையோடு வந்து வரிசையில் நின்றார். வெள்ளைத் துணிகளுக்கு நடுவே பழுப்பைப் பார்த்ததும் எசமான் நின்றுவிட்டார். என் பக்கம் தலையைச் சாய்த்தார். எசமானிடம் சொல்லிக்கொள்கிறேன் என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன். சொன்னேன்.

"பண்ணையிலேருந்து ஓடிப்போன ஸ்டிக்கஸ், எசமான். கூட்டத்தோட கூட்டமா கூடை வாங்க வந்திருக்கான்."

எசமான் அதையே உரக்கச் சொன்னார். நுமிசியஸ் சிரித்தார். இதைவிடப் பெரிய வேடிக்கையை அவர் கேட்டதில்லை. இரண்டு ஆட்கள் கையைப் பிடித்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

"நான் நுமிசியஸ்ங்க. எட்டு வருசமா தினம் வர்றேன். இவங்களக் கேளுங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "டேய், சொல்லேன்டா. நீ சொல்லு."

பின்னால் நிற்பவன், எசமான் தன்னைக் கேட்டால்தான் பேச வேண்டும். எசமான் கேட்கவில்லை.

முப்பத்தொன்பது பேர் அங்கே இருந்தார்கள். அத்தனை பேருக்கும் நுமிசியஸைத் தெரியும். அவரோடு ஒரே மாடியில் குடியிருந்தவர், கூடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். இன்னொருவர் இன்று காற்று அதிகம் என்றார். எசமான் சொன்னதைத் தவறு என்று சொன்னால் நாளை கூடை இல்லை. நான் சொன்னது ஒரு வாக்கியம்தான். மற்றதை அவர்கள் முடித்துக்கொடுத்தார்கள்.

சட்டம் நியாயமாகவே நடந்தது. அடிமை என்று பிடிக்கப்பட்டவனுக்காக, இவன் சுதந்திரன் என்று ஒரே ஒரு குடிமகன் நீதிபதி முன் வந்து சொன்னால் போதும், வழக்கு விசாரிக்கப்படும். மூன்று நாள் பார்த்தார்கள். யாரும் வரவில்லை. என்னைக் கேட்டிருக்கலாம். ஆனால் அடிமையைச் சித்திரவதை செய்து வாங்கிய வாக்குமூலம்தான் செல்லும். சும்மா கேட்டால் செல்லாது. அதற்குள் பண்ணை மேலாளரின் கடிதமும் வந்துவிட்டது. பிடிபட்டவன் ஸ்டிக்கஸ்தான் என்று நேரில் பார்க்காமலே அவர் உறுதி சொல்லியிருந்தார். ஆளைத் தவறவிட்டதற்கு அவர் முதுகும் தப்ப வேண்டும் அல்லவா. நெற்றியில் ஓடுகாலி என்று சூடு வைத்து, ஆலைக்கு விற்றார்கள்.

இரண்டு ஆண்டு கழித்து எசமான் காலமானார். உயிலில் என்னை விடுதலை செய்திருந்தார். உண்மையான ஊழியன் என்று எழுதியிருந்தார். இப்போது என் முழுப் பெயர் லூசியஸ் கல்வென்டியஸ் தல்லுஸ். டோகா எனக்கு நன்றாகப் பொருந்துகிறது. முதல் நாள் அதைப் போர்த்திக்கொண்டு நீதிமன்றம் இருக்கும் தெருவழியாக நடந்தேன். நுமிசியஸுக்காக வந்து பேச வேண்டிய அந்த ஒரே ஒரு குடிமகன் நானாக இருக்கலாம் என்பது நினைவுக்கு வந்தது. வெயில் அதிகமாக இருந்ததால் திரும்பிவிட்டேன்.

அதற்கு அடுத்த ஆண்டு ஓஸ்டியா துறைமுகத்திலிருந்து கயிறு திரிக்கும் ஒருவன் வந்தான். நுமிசியஸின் அக்கா மகன். தாய் சாகும்போது தம்பியைத் தேடச் சொன்னாளாம். யாரோ ஒருவர், அந்த முப்பத்தொன்பதில் ஒருவராகத்தான் இருக்க வேண்டும், குடித்துவிட்டு அவனிடம் ஆலையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அவன் நீதிபதியிடம் போனான். ஆலைக்குப் போய் ஆளை அடையாளம் காட்டச் சொல்லி உத்தரவாயிற்று. மாமாவை அவன் ஐந்து வயதில் பார்த்தது.

"இந்த ஊர்ல யார் முகமும் உங்களுக்கு மறக்காதுன்னு சொன்னாங்க பெரியவரே," என்றான். "நீங்க கை காட்டுனா போதும்."

நீதிபதியின் எழுத்தரோடு மூவரும் போனோம். ஆலைக்குள் மாவுத்தூசி. கழுதைகளும் மனிதர்களும் கல்லைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். நெற்றியில் சூடு உள்ள ஆறு பேரைக் கண்காணிப்பாளன் சுவரோரம் நிறுத்தினான்.

"தான் குடிமகன்னு இவனுங்கள்ள யாராவது சொல்றதுண்டா?" என்று எழுத்தர் கேட்டார்.

"வந்த புதுசுல எல்லாரும் சொல்லுவானுங்க. பத்து அடி வச்சா சரியாப்போயிடும்."

ஆறு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தேன். தலையில் பாதி சிரைத்திருந்தது, கண் இமையிலும் மாவு. மூன்றாவது ஆள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் டோகாவைத்தான் பார்த்தார். கல் அரைபடும் சத்தத்தில் எனக்கு மட்டும் கேட்கும்படி, "சொல்லுங்க ஐயா," என்றார். மூவாயிரம் காலைகளில் அவர் வாயில் வராத சொல் அது.

சொன்னால் இறந்துபோன எசமானின் வாக்குப் பொய்யாகிவிடும். எசமான் குடும்பத்துக்குக் களங்கம் கொண்டுவந்தவனை மறுபடி அடிமையாக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் அதை நான் யோசிக்கவே இல்லை. எனக்கு விடுதலை கொடுத்தவரின் பெயரை மட்டுமே நினைத்தேன். நன்றி என்பது என்னோடு பிறந்த குணம்.

மூன்றாவது ஆள் நுமிசியஸ். இவர்களில் அவர் இல்லை என்று நான் சொன்னேன். எழுத்தர் அதை எழுதிக்கொண்டார். அக்கா மகன் எனக்கு நன்றி சொல்லிவிட்டு அன்றே ஓஸ்டியாவுக்குத் திரும்பினான். ஆறு பேரும் வேலைக்குப் போனார்கள். அடுத்த பிப்ரவரியில் ஸ்டிக்கஸ் இறந்துவிட்டதாக ஆலையில் சொன்னார்கள்.