பெட்டியில் வந்த ஜெர்மன் புத்தகங்கள்

“கண்ணாடிய விட்டுட்டு யாராவது ஜெர்மனிக்குப் போவாங்களா மேடம்?”

கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் என் முன்சீட்டில் இருந்த இளம்பெண், பக்கத்தில் இருந்த நூலகரிடம் கேட்டாள். பல்கலைக்கழகத்துக்கு ஜெர்மன் புத்தகங்கள் சேர்க்கிறார்கள் என்று பேச்சிலிருந்து புரிந்தது.

“யாரோட கண்ணாடி?”

“அடி அண்ணாமலையில குடியிருந்த ஜெர்மன்காரரோடதுங்க. அவர் ஊருக்கே போய்ட்டாருன்னு வீட்டுக்காரர் புத்தகமெல்லாம் நமக்குக் குடுத்தாரே, அதுல இருந்துச்சு.”

“மறந்திருப்பாரு.”

“அதே பெட்டியில பாஸ்போர்ட்டும் இருக்குதுங்க. இந்த வருஷத்து விசாவோட.”

நூலகர் அவள் பக்கம் திரும்பினார்.

“வீட்டுக்காரர்கிட்ட சொன்னியா?”

“இல்லீங்க. மீதிப் பெட்டியையும் சீக்கிரம் எடுத்துட்டுப் போங்கன்னு காலையிலேர்ந்து மூணு தடவ போன் பண்ணிட்டாரு.”

“அந்தப் பெட்டிய நீ எடுக்காத.”

இருவரும் வேங்கிக்காலில் எழுந்தார்கள். நூலகர் கண்டக்டரிடம் போலீஸ் ஸ்டேஷனுக்கு வழி கேட்டுவிட்டு இறங்கினார்.