ரயில்வே கேட்டில் நின்ற மோட்டார் சைக்கிள்

ஆனையூர் போகும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்ததால் எங்கள் பஸ் நின்றது. ஜன்னலுக்குக் கீழே, புளியமரத்தடியில், விருந்துக்குப் போகும் புதுமண ஜோடி. கிளம்பாத மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்து மாப்பிள்ளையின் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

“பெட்ரோலு இருக்கு. இன்னும் என்னதான் வேணும் இதுக்கு?”

“குடிச்சது போதும்ங்குது. காத்துதான் வேணும்” என்றாள் அந்தப் பெண்.

“என்னது?”

“பிளக்கைக் கழட்டிப் பாருங்க, கரியும் ஈரமுமா இருக்கும். பெட்ரோலு கூடுதலா இறங்குது. அதைத் துடைச்சுட்டு, கார்புரேட்டர் ஊசியை ஒரு படி இறக்கி மாட்டுங்க.”

“உனக்கெப்படித் தெரியும்?”

“செல்லூர்ல எங்கப்பா பட்டறையில இந்தச் சத்தம் கேட்டே வளந்தவ நான்.”

அவர் அப்படியே செய்து உதைத்தார். வண்டி கிளம்பியது. பஸ்ஸுக்குள் நாலைந்து பேர் சிரித்தார்கள்.

“எப்பத் தெரிஞ்சுச்சு உனக்கு?”

“காலையில, நம்ம வீட்டு வாசல்லயே.”

“அப்பவே சொல்லியிருக்கலாம்ல?”

“வீட்டுல அம்புட்டுப் பேரு இருக்காக. உங்ககூட ரெண்டு வார்த்தை பேச எங்க முடியுது?”

கேட் திறந்து எங்கள் பஸ் நகர்ந்தது. அவர் எஞ்சினை அணைத்துவிட்டு, மரத்தடியில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.