திருப்பி அனுப்பிய தட்டு

பாவமா? யாரு, உள்ள நின்னு மீன் வறுக்குற அந்தாளா? நல்லா சொன்னே போ. உன் தட்டுலயும் அதே மீன்தான். நீ சப்புக்கொட்டிச் சாப்பிடுறே, நான் உப்புக் கரிக்குதுன்னு சர்வர்கிட்ட திருப்பிக் கொடுத்துட்டேன். அதானே உனக்கு மனசு கேக்கல?

சாப்பிடும்மா, ஆறிடப் போகுது. நீ ஒண்ணும் எனக்குத் துணையா வந்து உட்காரல, வேற மேசையில இடமில்லாம உட்கார்ந்தே. எனக்குத் துணை வேணும்னு எவ அழுதா? புதன்கிழமையானா ஒத்த ஆளாத்தான் வர்றேன். வாசல்ல நிக்கிறவன் இன்னிக்கும் எத்தனை பேருன்னு கேட்டுட்டு, என் முதுகுக்குப் பின்னாடி எட்டிப் பாக்குறான். பட்டாளமே ஒளிஞ்சிருக்காக்கும்!

அந்த ஜன்னலோர மேசையப் பாரு. ஐயோ, அப்படித் திரும்பாதே, மெதுவா. பொண்டாட்டி என்ன சாப்பிடணும்னு புருஷன்தான் சொன்னான். அவன் சொல்லி முடிக்கிற வரைக்கும் அவ டம்ளரையே பாத்துட்டு உட்கார்ந்திருந்தா. இப்ப முள்ளு எடுத்துட்டு இருக்கா. மூணு பிள்ளைக்கும் எடுத்துக் கொடுத்து, அதுங்க கடிச்சி வெச்ச மிச்சத்தை வழிச்சித் தின்னுட்டு, நாங்க வெளிய போய் சாப்பிட்டோமேன்னு நாளைக்குத் தெருவெல்லாம் பீத்திப்பா. இதுக்குப் புதுத் துணி வேற!

நான் அப்படியா? வந்தேனா, ஃபேனுக்குக் கீழ உட்கார்ந்தேனா, கண்ண மூடிக் கடவுளைக் கும்பிட்டேனா, முதல்ல ஐஸ்கிரீம். ஆமா, முதல்லதான். யாரு கேக்க? அப்புறம் சூப்பு. உறிஞ்சித்தான் குடிப்பேன், சத்தம் வந்தா வரட்டும். அப்புறம் மீன், நடுத்துண்டு. வீட்டுல எனக்கு வாலைத் தவிர மீனுக்கு வேற பாகம் உண்டுன்னே தெரியாது. அம்மா தண்ணி, அம்மா உப்புன்னு யாரும் கூப்பிடாம, ஒரு தடவைகூட எந்திரிக்காம, சுடச்சுட ஒரு வாய்... அடடா!

என்ன முணுமுணுக்கிறே? ஓ, அது உன் காதுலயும் விழுந்துச்சா. ஆமா, இன்னொரு தட்டு திரும்பி வந்தா அந்தாளை அடுப்பை விட்டு எறக்கி, பாத்திரம் கழுவப் போட்டுடுவேன்னு முதலாளி சொல்லியிருக்காராம். சர்வர் வந்து கெஞ்சினாரு. கழுவட்டுமே! கழுவினா கை தேஞ்சா போயிடும்? நான் கழுவல?

உப்பு சரியாத்தான் இருந்துச்சு. அட, இருந்துச்சுன்னுதானே சொல்றேன், ஏன் முறைக்கிறே? ஓரமெல்லாம் மொறுமொறுன்னு, உள்ள பஞ்சு மாதிரி. அந்தக் கைக்கு ஒரு குறை சொல்ல முடியாது. அதுக்காகத்தான் ரெண்டு பஸ்ஸு மாறி வர்றேன். பாதி தின்னுட்டுத்தான் திருப்பி அனுப்புவேன், நான் என்ன பைத்தியமா?

ஆனா வீட்டுல அந்தாளு பவிசு உனக்குத் தெரியாது. பொண்டாட்டி விடியக்காலைல எழுந்து ஆக்கி வெச்சதை, விரல் நுனியில ஒரு பருக்கை தொட்டு நாக்குல வெச்சிப் பாத்துட்டு, தட்டைப் புறங்கையால ஒரு தள்ளு. இந்தா, இப்படி. நாய்க்குப் போடும்பாரு. என்ன குறைன்னு கேட்டா, உனக்கெல்லாம் சொன்னாப் புரியவா போகுதும்பாரு. இருபத்தெட்டு வருஷம்! ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஒரு முட்டையை வறுத்து, இந்தா நீ சாப்பிடுன்னு அவ முன்னால வெச்சதில்ல. பெரிய சமையல்காரராம்!

எனக்கு எப்படித் தெரியுமாவா? இரு, சர்வர் வர்றாரு. என்னய்யா, கையை வீசிட்டு வர்றீங்க, வேற மீன் எங்க? ஓகோ, சமையல்காரரே எடுத்துட்டு வர்றாராமா? என்ன குறைன்னு என்கிட்ட நேர்ல கேட்டுக்கணுமாமா? வரட்டும், தாராளமா வரட்டும்.

நீ எங்கம்மா எந்திரிக்கிறே? உட்காரு, உன்னை யாரு என்ன சொல்லப் போறா. அதோ, கதவைத் தள்ளிட்டு வர்றாரு பாரு. ரெண்டு கையாலயும் தட்டை ஏந்திக்கிட்டு, குனிஞ்ச தலை நிமிராம, என்ன பணிவு, என்ன பணிவு! எங்க வீட்டுக்காரருக்கு அந்த வெள்ளைத் தொப்பி எடுப்பாத்தான் இருக்கு, இல்ல? காலைல நான் தேய்ச்சிக் கொடுத்தது.

இன்னும் என் மூஞ்சியைப் பாக்கல.