தறி ஓடாத நாளில் வந்த வலி

9 ஆகஸ்ட் 1971, திங்கள். வழக்கம்போல் குளித்து, இட்லி சாப்பிட்டு, வாலாஜாபாத்தில் எட்டேகால் பஸ் பிடித்தேன். முன் இருக்கையில் ஒரு பட்டு நெசவாளியும் அவருடைய அக்காவும் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

“அமாவாசை அன்னிக்கு எவன்டா தறி நெய்றான்?” என்றார் அக்கா.

“ஒருத்தனும் நெய்ய மாட்டான். லீவு. அதுக்கு இன்னா இப்போ?”

“தறியில மாருக்கு எதிர்க்க இருக்கற படமரம் நாள் பூரா இடிச்சுத்தான் மாரு வலிக்குதுன்றியே. போன அமாவாசைக்குத் தறியில நீ உக்காரவே இல்ல. தண்ணிக் குடத்தோட மேடு ஏறினதும் மாரைப் புடிச்சுக்கினு நின்னியே?”

“அது வாயுதான்க்கா. கொஞ்ச நேரம் நின்னேன், போயிடுச்சு.”

“நடந்தா வருது, நின்னா போவுது. வாயுவுக்கு அவ்ளோ அறிவா?”

தம்பி சிரித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “டாக்டரு தறியில உக்காராதேன்னுட்டா இன்னாக்கா பண்றது?”

“உழுந்துட்டா மட்டும் நெய்வியா? மேடு ஏறினா வலிக்குதுன்னு சொல்லு. படமரத்து மேல பழி போடாத.”

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் அக்கா இறங்கிவிட்டார். கண்டக்டர் விசில் ஊதப் போகும் நேரத்தில் தம்பியும் எழுந்து இறங்கினார்.

மறுநாள் காலை முதல் வேலையாக டாக்டரிடம் போய், நானும் வாயு என்றே விட்டிருந்த, மாடிப்படி ஏறும்போது எனக்கு வரும் நெஞ்சுவலியைச் சொன்னேன்.